புதிதாக வந்தவர்கள் பட்டியலில் ஆறாவது பெயர்

1

இந்த மாதத்தோடு நாங்கள் கொழும்புக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. தூத்துக்குடியில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு, இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று தோன்றும். மதுரையில் விமானம் ஏறினால், தருகிற ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிடுவார்கள். என் தம்பி சென்னையில் இருந்து ஊருக்கு வர ஓர் இரவு முழுக்க ரயிலில் கிடக்கிறான். அவனை யாரும் பரதேசம் போனவன் என்று சொல்வதில்லை. ஆனால் சென்னையில் இருப்பதற்காக அவன் வருடத்துக்கு ஒரு முறை வரிசையில் நின்று விசா முத்திரை வாங்குவதில்லை. நாங்கள் வாங்குகிறோம். ஆகவே இது வெளிநாடுதான்.

இந்த வருடத்து முத்திரைக்காகப் போன அன்று என் மகள் ஷெரினும் கூட வந்தாள். முதல் முறை போனபோது அவளுக்கு மூன்று வயது, என் இடுப்பில் இருந்தாள். இப்போது பதினொன்று. கவுண்டரில் இருந்த அம்மா சிங்களத்தில் ஏதோ கேட்டார். எட்டு வருடத்தில் நான் கற்ற சிங்களம் மீன் கடைக்கும் ஆட்டோவுக்கும் போதும், அரசாங்கத்துக்குப் போதாது. ஷெரின்தான் பதில் சொன்னாள். அப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை, கொட்டாஞ்சேனையில் இருந்தோம், போன வருடம் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம் என்றெல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “அம்மா, இங்க சைன் வைக்கட்டாம்” என்றாள். அந்த அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தலைப்பு ‘நட்புச் சமையலறை’. நம் நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்கள் தங்களையும் நம்மில் ஒருவராக உணர வேண்டும் என்பதற்காக, வாரம் ஒரு பாடவேளை அவர்கள் தங்கள் நாட்டு உணவைச் சமைத்து வகுப்புத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வார்களாம். கீழே ஆறு பெயர்கள் இருந்தன. சீனாவில் இருந்து வந்த அண்ணனும் தங்கையும், மாலைதீவுப் பிள்ளை ஒன்று, வங்கதேசத்துப் பிள்ளைகள் இரண்டு. ஆறாவதாக, ஷெரின் ஸ்டீபன், இந்தியா.

எட்டு வருடம் இருந்த பிள்ளை புதிதாக வந்தவளாம். வாசித்த உடனே எனக்குக் காது சூடாகிவிட்டது.

2

இந்தத் திட்டத்தைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். யாரோ எங்கேயோ, குளிர் நாடு ஒன்றில், அகதிப் பிள்ளைகள் வந்து சேர்ந்த பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பேச மொழி இல்லாத பிள்ளைகள் சேர்ந்து ரொட்டி தட்டும்போது சிரிக்கத் தொடங்கினார்களாம். நல்ல விஷயம். அதை ஒரு கையேடாகப் போட்டு, ஒரு நிறுவனம் பணமும் தந்து, இங்கே அனுப்பிவிட்டது. இங்கே அந்தக் கையேட்டைப் பிடித்துக்கொண்டு புதிதாக வந்த பிள்ளை யார் என்று தேடினார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அலுவலகத்து அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட் நகல்களைப் பார்த்திருக்கிறார்கள்.

திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியை ரொஷினி மிஸ். இரத்மலானையில் இருந்து பஸ்ஸில் வருபவர், கிறிஸ்தவர், தமிழும் இங்கிலீஷும் பாதிக்குப் பாதி பேசுவார். மனதில் ஒரு கள்ளமும் இல்லாதவர். அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம். போனில் கூப்பிட்டேன்.

“எம்மா, எம்புள்ள எட்டு வருசமா இங்கதான இருக்கா? அவ எப்பிடிப் புதுசு?”

“மிஸிஸ் ஸ்டீபன், டென்ஷன் ஆகாதீங்க. இது பிள்ளைக்கு நல்லது தானே. அவங்கட கல்ச்சரை நாங்க செலிபிரேட் பண்றோம். இந்தியாவுக்கு நான் பனீர் பட்டர் மசாலா எண்டு போட்டிருக்கிறன். மத்த பிள்ளைகளுக்கும் ஆசையா இருக்கும்.”

பனீர். தூத்துக்குடியில் நான் கல்யாணம் முடிகிற வரை பனீரைக் கண்ணால் பார்த்ததில்லை. கடற்கரைத் தெருவில் பிறந்து, மூன்று வேளையும் மீன் வாசத்தில் வளர்ந்த என்னையும் என் பிள்ளையையும் ஒரு பனீர்க் கட்டிக்குள் அடக்கிவிட்டார்கள். “இந்தியர்கள் வெஜிடேரியன் தானே” என்று வேறு கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அப்போதே ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. எங்கள் நாட்டுச் சாப்பாடுதானே வேண்டும்? காட்டுகிறேன் என்று நினைத்தேன்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இந்தச் சமையல் நடப்பது வெள்ளிக்கிழமை, சிங்களப் பாடவேளையில். வாரக் கடைசி நாளில் வைத்தால் பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள் என்று கையேட்டில் இருக்கிறதாம். ஷெரினுக்குப் பிடித்த பாடமே சிங்களம்தான். வகுப்பில் ஒரு சிறு நாடகம் பழகிக்கொண்டிருந்தார்கள், அதில் அவளுக்குச் சந்தைக்காரி வேஷம். இரண்டு வெள்ளிக்கிழமை அவள் சமையலறைக்குப் போனாள். மூன்றாவது வாரம் வேஷம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. ஒட்ட வைக்கிறோம் என்று சொல்லி, ஒட்டியிருந்த பிள்ளையை வகுப்பில் இருந்து பிய்த்து எடுத்தார்கள்.

“அம்மா, என்ட பெயரை அந்த லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க” என்று அன்று கேட்டாள். அழவில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். “அது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு. என்னையும் கூப்பிட்டா எல்லாரும் ஒரு மாதிரிப் பார்க்கிறாங்க.”

3

நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஏழு வருடம் இருந்த வீடு, ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. எதிர் வாசலில் நபீசா. வந்த முதல் வாரம் என் கணவர் ஸ்டீபன், “சாவிய எதுத்த வீட்டு நபீசா தாத்தாகிட்ட குடுத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கதவைத் தட்டிவிட்டு ஒரு கிழவரை எதிர்பார்த்து நின்றேன். கதவைத் திறந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஷெரின் அந்த முதல் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் பத்துப் பேர் நடுவில் வளர்ந்த பிள்ளை, இங்கே என்னையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. நபீசா தாத்தா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, “மெர்சி, புள்ளய எனக்கிட்ட உடுங்க. ஊட்டுல சும்மா ஈக்கிற எனக்கும் ஒரு தொண” என்று தூக்கிக்கொண்டு போனார். கலாசாரத்தைக் கொண்டாட அல்ல, கறிவேப்பிலை உருவத்தான் தூக்கிக்கொண்டு போனார். ஒரு சுளகில் கறிவேப்பிலையைப் போட்டு முன்னால் வைத்து, “இத உருவித் தாங்க மகள், இல்லாட்டி இண்டைக்கி பருப்பு இல்ல” என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். மூன்று வயதுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவும். உருவி முடித்தால் தேங்காய்ப்பால் விட்ட பருப்பும் சோறும் கிடைக்கும். கீழ் வீட்டுச் சிங்களப் பிள்ளைகளும் அங்கேதான் விழுந்து கிடப்பார்கள். அந்தச் சமையலறைக்குப் பெயர் கிடையாது, பட்டியல் கிடையாது. வேலை செய்தால் சோறு, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் என் மகள் மூன்று விதமாகப் பேசத் தொடங்கிவிட்டாள்.

எல்லாம் எனக்கு இனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம் “ஆமான்னு சொல்லுட்டி” என்று திருத்துவேன். நம் பக்கம் அம்மாவை ‘நீ’ என்றுதானே கூப்பிடுவோம். எனக்கு என் அம்மா இன்றைக்கும் ‘நீ’தான். இங்கே பிள்ளைகள் பெற்றவர்களை ‘நீங்க’ என்பார்கள். இவளும் ஐந்து வயதில் அப்படியே மாறிவிட்டாள். யாரோ ஒரு டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி, “அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள். மரியாதை என்று மற்றவர்கள் மெச்சினார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருந்தது. ஊருக்குப் போனால் மச்சினிமார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

4

நான்காவது வெள்ளிக்கிழமை இந்தியாவின் முறை. வகுப்பு முழுக்க வந்து சாப்பிடுமாம்.

“என்ன செய்யப் போற?” என்று கேட்டேன்.

“பருப்பு செய்றன். எனக்கு அதுதான் தனியா செய்யத் தெரியும்.”

“பருப்பு இந்தியாவாட்டி? தேங்காய்ப்பால ஊத்தி வைக்கிற பருப்ப எந்த ஊர்ல கண்ட? நம்ம மீன் குழம்ப வை. மசாலா நான் அரைச்சுத் தாரேன்.”

“வெள்ளிக்கிழமை அம்மா. வகுப்புப் பிள்ளைகள் மச்சம் சாப்பிட மாட்டாங்க.”

மச்சம் என்றால் இங்கே மீனும் இறைச்சியும். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் மண்டைக்குள் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. நம் கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் சுத்தபோசனம். கறி கூடாது, மீன் உண்டு. சின்ன வயதில் இருந்தே எனக்கு வெள்ளிக்கிழமையும் மீனும் ஒன்றுதான். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து மீன் சாப்பிட்டால் அது பக்தி. கொட்டாஞ்சேனையில் எங்களைச் சுற்றிப் பாதிப் பேர் நம்மைப் போல் கத்தோலிக்கர்கள், எதிர் வீடு முஸ்லிம், அங்கேயும் எனக்கு இது இடிக்கவில்லை. வெள்ளவத்தைக்கு வந்த இந்த ஒரு வருடத்தில், வெள்ளிக்கிழமை மீன் சந்தையில் கூட்டம் இல்லாததைப் பார்த்து, நல்ல மீன் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

பனீர்க் கோபம் வேறு உள்ளே நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் அறுக்குளா வாங்கினேன், நம் ஊர்ச் சீலாதான். முள் இல்லாமல் சின்னத் துண்டாக வெட்டி, தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து, புளி கரைத்து, எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு அனுப்பினேன். அவள் வாசலில் சப்பாத்தோடு நின்று, “அம்மா, பருப்பும் கொஞ்சம் கொண்டு போகவா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் தூக்குச் சட்டி நிறைய குழம்போடு திரும்பி வந்தாள். மேலே எண்ணெய் அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

“ஒருத்தரும் சாப்பிடல்ல” என்றாள். “அந்தச் சீனப் பிள்ளைகள் சாப்பிட்டாங்க. ரொஷினி மிஸ் சாப்பிட்டாங்க. மத்தவங்க எல்லாம் சோறு மட்டும் எடுத்தாங்க. முஸ்லிம் பெடியன்கள் ஜும்மாவுக்குப் போயிட்டாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? பெரிய இடத்துப் பிள்ளைகள் என்ற திமிர், இந்தியாக்காரி கை பட்டால் தீட்டா, கடற்கரைச் சாப்பாடு என்றால் இளக்காரமா என்று அந்த வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினேன். ஷெரின் முழுக்கக் கேட்டாள்.

“அவங்கள்ள பிழை இல்லம்மா. அவங்க சைவ ஆக்கள். செவ்வாயும் வெள்ளியும் சாப்பிட மாட்டாங்க. நான் சொன்னேனே.” பிறகு சொன்னாள். “மிஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாங்க, இவங்களுக்கு இந்தியச் சாப்பாடு பழக்கமில்லையெண்டு. அது பொய் தானே. என்ட ஃப்ரெண்ட்ஸ் என்னைத்தான் பார்த்தாங்க. எனக்குத் தெரியுமெண்டு அவங்களுக்குத் தெரியும். நான் ஒவ்வொரு வெள்ளியும் பருப்பும் கீரையும் தானே கொண்டு போறன். தெரிஞ்சுகொண்டும் நான் ஏன் மீன் கொண்டு வந்தனெண்டு நினைச்சிருப்பாங்க.”

நான் தூக்குச் சட்டியை மூடினேன். ஒரு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் பருப்பும் கீரையும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்கிப் போகிறாள். சாப்பாட்டில் நொட்டை சொல்கிறாள் என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். மதியம் தட்டை நடுவில் வைத்து எல்லாரும் எல்லாருடையதையும் எடுத்துச் சாப்பிடுவார்களாம். தன் தட்டில் மற்றவர்கள் கை வைக்க வேண்டும் என்பதற்காகப் பத்து வயதில் இருந்து இந்தப் பிள்ளை தானாகக் கணக்குப் பார்த்து நடந்திருக்கிறது. அந்த வகுப்பில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அதைக் கையேடு ஒரு பக்கமும் பெற்ற தாய் ஒரு பக்கமும் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டோம்.

அடுத்த வாரம் அவள் மதியச் சாப்பாடு வேண்டாம் என்றாள். பிரெட்டை இங்கே பாண் என்பார்கள். பாணும் ஜாமும் போதும், தனியாகச் சாப்பிடச் சுலபம் என்றாள்.

5

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் பிழையை வீட்டில் வைத்துவிட்டு, அவர்கள் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். சண்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள்.

“மிஸ், எம்புள்ள பேர எடுத்துருங்க. அவ்வளவுதான் கேக்குதேன்.”

ரொஷினி மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. “நாங்க அவவுக்கு நல்லது தானே செய்றோம்” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு மேசையில் இருந்த ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். “ஆறு பிள்ளைகள் எண்டு ரிப்போர்ட் போயிட்டுது மிஸிஸ் ஸ்டீபன். போட்டோவும் போயிட்டுது. இப்ப அஞ்சு எண்டா அவங்க கேள்வி கேட்பாங்க.”

ஆறு என்றால் ஆறு. அந்த ஆறு யார் என்பது யாருக்கும் கவலை இல்லை.

“அப்போ ஒண்ணு கேக்குதேன். அந்த ஸ்விஸ்ல இருந்து வந்த புள்ள அபிநயா. வந்து மூணு மாசந்தான் ஆவுது. தமிழும் வராது, சிங்களமும் வராது. ஷெரின் சொன்னா, மத்தியானமெல்லாம் லைப்ரரியில தனியா உக்காந்திருக்காளாம். அவ பேரு ஏன் பட்டியல்ல இல்ல?”

“ஐயோ, அவங்கட அம்மா இந்த ஸ்கூல்ல படிச்சவங்க. அவங்க எங்கட ஆக்கள் தானே.”

எங்கட ஆக்கள். வாசகர்களே, இந்தக் கணக்கைப் பாருங்கள். எட்டு வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஊர்ப் பாஷையில் கனவு கண்டு, தூக்கத்தில் சிங்களத்தில் உளறுகிற பிள்ளை வெளியாள். விமானத்தில் இருந்து இறங்கி மூன்று மாதம் ஆன, ஒரு வார்த்தை விளங்காமல் தவிக்கிற பிள்ளை சொந்தம், ஆகவே அவளுக்கு உதவி தேவையில்லை. ஒருத்திக்குத் தேவையில்லாததைத் திணித்தார்கள். தேவையான இன்னொருத்திக்கு மறுத்தார்கள். இரண்டுக்கும் அன்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடிதம் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். கொடுத்தேன். பிள்ளை நீண்ட காலம் இங்கே வசிப்பதற்கு ஆதாரம் இணைக்கச் சொல்லி இன்னொரு கடிதம் கேட்டார்கள், அதையும் எழுதினேன். ஆதாரத்துக்காகக் கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய பகுதிக் கிராம சேவகரை, நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரியானவரை, போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். “நோனா, இது இந்த நாட்டு ஆக்களுக்குக் குடுக்கிற பத்திரம். உங்களுக்கு உங்கட எம்பசியில தானே கேக்க வேணும்” என்றார். என் பிள்ளை இங்கே புதிது இல்லை என்று எழுதித் தர இந்திய எம்பசிக்குப் போக வேண்டுமாம். வெளியே வந்து ஒரு கடையில் பிளேன் டீ குடித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்றாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது ஷெரின் பக்கத்தில் வந்து நின்று வாசித்தாள். ‘எனது மகள் இந்நாட்டுப் பழக்கவழக்கங்களை நன்கறிந்தவள்’ என்று எழுதியிருந்தேன்.

“இதை ஏன் எழுதறீங்க? மிஸ்ட்ட கதைச்சா சரி தானே” என்றாள்.

“பேசினேனே. கேட்டாத்தான?”

“நீங்க சண்டை பிடிச்சீங்க. கதைக்கல்ல.”

6

அபிநயாவின் அம்மா கௌரியைப் பள்ளி வாசலில் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரி, கொழும்பில் படித்து, ஸ்விஸில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். நான் கேட்காமலே கொட்டினாள்.

“அக்கா, நான் படிச்ச பள்ளிக்கூடம் எண்டு ஆசையா கொண்டு வந்து சேர்த்தனான். பிள்ளை வீட்டை வந்தால் வாய் திறக்கிறேல்லை. ‘எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை’ எண்டு எல்லாரும் சொல்லுகினம். சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பி நிண்டு கதைக்கினம். அந்தச் சமையல் வகுப்புக்கு எடுங்கோ எண்டு கேட்டனான். அது வெளிநாட்டுப் பிள்ளையளுக்காம்.”

இதை நான் வீட்டில் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த நாள் என் மகள் இடைவேளையில் ரொஷினி மிஸ்ஸிடம் போயிருக்கிறாள். “மிஸ், என்ட இடத்துக்கு அபிநயாவைப் போடுங்க, அப்ப ஆறு பேர் சரி தானே. வெள்ளிக்கிழமை வேணாம் மிஸ், புதன்கிழமை வைங்க. அப்பதான் எல்லாரும் சாப்பிடுவாங்க” என்றாளாம். மிஸ், “இதை எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே மகள்” என்றாராம். சமையல் நடக்கிற மனைப்பொருளியல் அறை புதன்கிழமை சும்மா பூட்டித்தான் கிடந்திருக்கிறது. மூன்று கடிதமும் ஒரு கிராம சேவகரும் செய்யாததை ஓர் இடைவேளையில் முடித்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அபிநயா முதல் புதன்கிழமை உருளைக்கிழங்கைத் துருவி, அவர்கள் ஊர் உருளைக்கிழங்கு அடையைச் சுட்டாளாம். திருப்பும்போது கையில் பட்டு, “சுடுது” என்று கத்தியிருக்கிறாள். வகுப்பில் அவள் வாயில் இருந்து வந்த முதல் தமிழ் வார்த்தை அதுதான். எல்லாரும் சிரிக்க, அவளும் சிரித்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் அந்த அடையை இங்கே உள்ள பச்சை மிளகாய் போட்டு இன்னொரு தடவை சுட்டுக் காட்டினாள் என்று கௌரி போனில் சொல்லி அழுதாள். கையேட்டை எழுதியவர்களை நான் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சரியான பிள்ளையின் கையில் கொடுத்தால் அந்தத் துருவல் பலகை வேலை செய்கிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

ஷெரினுக்குச் சந்தைக்காரி வேஷம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் பாணும் ஜாமும் நின்றுவிட்டன. வியாழக்கிழமை இரவே, “நாளைக்குப் பருப்பு” என்று சொல்லி வைக்கிறாள். நானும் பேசாமல் ஊற வைக்கிறேன்.

7

கடைசிப் புதன்கிழமை விருந்து, பெற்றோரும் வர வேண்டும். அழைப்பிதழ்கள் பழைய பட்டியலின்படி முன்னமே அச்சாகிவிட்டதால் எனக்கும் ஒன்று வந்தது. வாசலில் ஒரு பிள்ளை என் சேலையில் வட்டமான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியது. ‘விருந்தினர், இந்தியா’. எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். இன்றைக்காவது சும்மா இருப்போம் என்று உள்ளே போனேன். சீனப் பிள்ளைகளின் அம்மாவுக்கும் மாலைதீவுப் பிள்ளையின் அம்மாவுக்கும் நடுவில் எனக்கு நாற்காலி. கௌரி பின் வரிசையில் பழைய மாணவிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் ஆறு மேசைகள். ஆறாவது மேசையில் அபிநயா, தலையில் துணி கட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்க அடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஏழாவதாக ஒரு நீளமான மேசை போட்டிருந்தார்கள். வந்தவர்களை வரவேற்க, வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தேங்காய் ரொட்டி சுட்டார்கள். அங்கேதான் என் மகள் நின்றாள். முழங்கை வரைக்கும் மாவு. ஒரு பக்கம் சைவப் பிள்ளை ஒன்று தேங்காய் துருவியது, இன்னொரு பக்கம் ஒரு முஸ்லிம் பிள்ளை மாவை உருட்டித் தந்தது. ஷெரின் இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கூடிவிட்டதாம். நபீசா தாத்தாவின் அதட்டல் அப்படியே இருந்தது. நான் எந்தப் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லிக் கத்தினேனோ, அது நடந்தேவிட்டது. எனக்கு மனது நிறைந்து போயிற்று. பக்கத்தில் இருந்த சீனத்து அம்மாவிடம், அந்தப் பெண் என் மகள் என்று சைகையில் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை போல. என் ஸ்டிக்கரைப் பார்த்தார், அந்த மேசையைப் பார்த்தார், தலையாட்டி வைத்தார்.

பிறகு வகுப்புப் பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு விருந்தினர் வரிசைக்கு வந்தார்கள். எங்கள் வரிசைக்கு வந்தது ஷெரின்தான். சீனத்து அம்மாவுக்கு ஒரு ரொட்டி வைத்து இங்கிலீஷில் விளக்கம் சொன்னாள். அடுத்தது நான். தட்டை நீட்டினாள். அந்தக் கண்ணில் வேறு ஒன்றும் இல்லை. சாப்பிட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது.

“சூடு, பார்த்து எடுங்க” என்றாள். பிறகு, எல்லா விருந்தினரிடமும் ஏதாவது கேட்க வேண்டும் என்று மிஸ் சொல்லிக் கொடுத்திருப்பார் போல, தலையைக் கொஞ்சம் சாய்த்து, “அம்மா, உங்கட ஊர்ல ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ போடுறதில்ல தானே?” என்று கேட்டாள்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பெற்றேன் அவளை. ஞானஸ்நானத்துக்கு ஊரே திரண்டு வந்தது.

“இல்லட்டி” என்றேன். “எங்க ஊர்ல போட மாட்டாங்க.”

“அப்ப சாப்பிட்டுப் பாருங்க” என்று சொல்லி, ரொட்டியை என் கையில் வைத்து, பக்கத்தில் கொஞ்சம் சம்பலும் வைத்துவிட்டு, மாலைதீவுப் பிள்ளையின் அம்மாவிடம் போனாள். எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது என்று அந்த மண்டபம் முழுக்கப் பார்த்தேன், ஓர் ஆள் அகப்படவில்லை. ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. பிய்த்துச் சாப்பிட்டேன். உப்பு, பதம் எல்லாம் சரியாக இருந்தது. இன்னொன்று வேண்டும் என்று கை காட்டினேன்.